ஒரு வாய் தண்ணி முழுங்கும்மா

ஓல்டு ஜெயில் ரோட்டில் இறங்கி "கஞ்சித் தொட்டி ஆஸ்பத்திரி எங்கே?" என்று கேட்டால், சென்னை ராயபுரத்துப் பெரியவர்கள் கைகாட்டுவது நம் ஸ்டான்லியைத்தான். 1938இல் மருத்துவக் கல்லூரியான அந்த இடத்தில் படித்த எவருக்கும் தைராய்டு என்றதும் காதில் விழுவது, "ஒரு வாய் தண்ணி முழுங்கும்மா."

விழுங்கும்போது கழுத்துக் கட்டி மேலேறி இறங்கினால் பெரும்பாலும் தைராய்டு சுரப்பிதான். பெர்ரி தசைநார் அதைக் குரல்வளையோடும் மூச்சுக்குழாயோடும் பிணைத்திருக்கிறது. குரல்வளை ஏறினால் இதுவும் ஏறும். நடுக்கழுத்துக் கட்டி நாக்கை நீட்டும்போதும் ஏறினால் தைரோகுளோசல் நீர்க்கட்டி. கருவில் நாக்கின் அடியில் தோன்றிய சுரப்பி கழுத்துக்கு இறங்கிய பாதையின் மிச்சம் அது.

சுரப்பியின் எடை 20 கிராம் சுமார். இரண்டு மடல்கள், ஒவ்வொன்றும் 5 செ.மீ. நீளம், இரண்டையும் சேர்க்கும் இஸ்த்மஸ், மூச்சுக்குழாயின் 2 முதல் 4ஆம் வளையங்கள் மேல் படிந்திருக்கும்.

டிசெக்‌ஷன் மேஜையில் தைராய்டு அறுவைக்காக நாம் மனப்பாடம் செய்த விதி: சுரப்பிக்கு ரத்தம் தரும் மேல் தமனியைச் சுரப்பியை ஒட்டிக் கட்டு, கீழ்த் தமனியைத் தள்ளிக் கட்டு. முதல் பாதி இன்றும் சரி. மேல் தமனியோடு வெளிக்குரல்வளை நரம்பு வருகிறது. அது அறுந்தால் பேச்சு வரும், உரத்த குரல் வராது. காசிமேட்டில் மீன் கூவி விற்கும் அம்மாவுக்கு அந்தக் குரல்தான் பிழைப்பு.

இரண்டாம் பாதி மாறிவிட்டது. கீழ்த் தமனியைத் தள்ளிக் கட்டினால், கால்சியத்தைக் காக்கும் குட்டிச் சுரப்பிகளான பாராதைராய்டுகளுக்கு ரத்தம் நின்றுபோகும். துவரம்பருப்பு அளவில், மஞ்சள் கலந்த பழுப்பில், வழக்கமாக நான்கு இருக்கும். அவை செத்தால் ஓரிரு நாளில் கால்சியம் இறங்கும். உதட்டைச் சுற்றி மரமரப்பு, பிறகு விரல்கள் இழுத்துக்கொள்ளும். அதனால் இப்போது மூச்சுக்குழாய்க்கும் உணவுக்குழாய்க்கும் நடுவே உள்ள பள்ளத்தில் திரும்பு குரல்வளை நரம்பைக் கண்ணால் பார்த்துவிட்டு, கீழ்த் தமனியின் கிளைகளைச் சுரப்பியின் மேலேயே ஒவ்வொன்றாகக் கட்டுகிறார்கள். பொறுமை வேண்டிய வேலை, ஆனால் அதுதான் சரி.

அறுவை முடிந்த இரவில் கழுத்து வீங்கி மூச்சு இரைந்தால் ஆபரேஷன் தியேட்டருக்காகக் காத்திருக்கக் கூடாது. உள்ளே தேங்கும் ரத்தம் சிரைகளை அழுத்த, குரல்வளை வீங்கி அடைக்கும். கட்டிலிலேயே தையலைப் பிரிக்க வேண்டும்.

கடல் கடந்த நம் வீடுகளிலும் தைராய்டு ஹார்மோன் மாத்திரையான தைராக்ஸின் டப்பா இருக்கும். வெறும் வயிற்றில் தண்ணீரோடு போட்டு, ஃபில்டர் காபிக்கு அரை மணியாவது பொறுங்கள். கால்சியம், இரும்பு மாத்திரைகளுக்கு 4 மணி நேர இடைவெளி விடுங்கள். டோஸ் மாற்றினால் 6 வாரம் கழித்து, தைராய்டைத் தூண்டும் ஹார்மோனான டிஎஸ்எச் ரத்தத்தில் எவ்வளவு என்று பாருங்கள். டி4, அதாவது தைராக்ஸின், ரத்தத்தில் பாதியாகக் குறையவே 7 நாள் ஆகும், அதற்கு முன் எடுத்த ரிப்போர்ட் ஏமாற்றும்.