வலது மூலையில் நின்ற காலம்

பாடசாலைக் கூடைப்பந்து அணியில் நான் ஆடிய மூன்று ஆண்டுகளும் என் இடம் வலது மூலைதான். எங்கள் நட்சத்திரம் அணித்தலைவராக இருந்த அண்ணன். அவர் பந்தைத் தட்டியபடி வளையத்தை நோக்கிப் பாய்ந்தால் எதிரணியில் இருவர், சில வேளை மூவர், அவரை மறிக்க ஓடுவார்கள். அந்தக் கணத்தில் என்னைக் கவனிக்க எவரும் இருக்கமாட்டார்கள். அவர் தரும் பாஸ் என் நெஞ்சுயரத்தில், விரித்து வைத்திருந்த விரல்களுக்குள்ளேயே வந்து சேரும். பந்தைத் திருத்திப் பிடிக்க வேண்டிய தேவையின்றி அப்படியே எறியலாம்.

நட்சத்திரங்கள் சக வீரர்களை உயர்த்துகிறார்களா என்ற கேள்வி எழும்போதெல்லாம் எனக்கு அந்தப் பாஸே நினைவுக்கு வருகிறது. அண்ணன் எனக்குத் திறமையைத் தரவில்லை, நேரத்தைத் தந்தார். அமெரிக்கத் தொழில்முறைக் கூடைப்பந்துப் போட்டியான என்.பி.ஏ. ஆட்டங்களிலும் நான் கண்டது இதுவே. 1997 இறுதித் தொடரின் ஆறாவது ஆட்டம் 86–86 என்று நின்றபோது, சிகாகோ புல்ஸ் அணியின் நட்சத்திரம் மைக்கேல் ஜோர்டானை மறிக்க எதிரணியின் ஜான் ஸ்டாக்டன் நகர்ந்ததால் தனித்து நின்ற சக வீரர் ஸ்டீவ் கெர், ஜோர்டான் கொடுத்த பந்தை எறிந்து புல்ஸை முன்னிலைப்படுத்தினார். ஆனால் கெர் அதற்கு முன்பே குறி தவறாத வீரர். ஜோர்டான் விலகியிருந்த 1993–94 பருவத்திலும் அதே அணி 55 ஆட்டங்களில் வென்றது. அவர் ஆடிய முந்தைய பருவத்தில் வென்றவை 57. ஆகவே சக வீரர்களின் தரம் முழுவதையும் நட்சத்திரத்தின் கணக்கில் எழுதுவது அநீதி என்றே கருதுகிறேன். பந்தைப் பகிர்ந்து கொடுப்பதில் பெயர்பெற்ற ஸ்டீவ் நாஷ் சேர்ந்ததும் பீனிக்ஸ் சன்ஸ் அணியின் பருவ வெற்றிகள் 29இலிருந்து 62ஆக உயர்ந்ததில் அவருடைய பங்கு பெரிது. எனினும், அவர் கொடுத்த பந்துகளை வளையத்துக்குள் சேர்த்த கைகளும் வேண்டியிருந்தன.

இருந்தும், பாஸ் வரும் என்ற உறுதி ஒருவனைப் பயிற்சிக்கு இழுத்துச் செல்வதை நான் அனுபவித்திருக்கிறேன். மாலையில் எல்லோரும் போன பிறகும் அந்த மூலையிலேயே நின்று எறிந்துகொண்டிருப்பேன்.

என் கடைசிப் போட்டியில், இரண்டு புள்ளிகள் பின்தங்கியிருந்தபோது, அண்ணன் தந்த பந்தை எறிந்து தவறவிட்டேன். அவர் ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. அடுத்த முறை மூவர் அவரைச் சூழ்ந்தபோதும் பந்து அதே மூலைக்கு, அதே உயரத்தில் வந்தது.