வாடகைக்கு விட ஒரு பழைய ஃப்ளாட்: அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன்

சென்னைப் புறநகரில் பழைய ஃப்ளாட் ஒன்றை 50 லட்சத்துக்கு வங்கிக் கடனில் வாங்கி வாடகைக்கு விட்டிருக்கிறோம். இதேபோல் வாங்க நினைப்பவர்கள், வீடு பார்க்கக் கிளம்பும் முன்பே மாதக் கணக்கைப் போட்டுவிடுங்கள்.

ரிசர்வ் வங்கி விதிப்படி 30 லட்சத்துக்கு மேல் 75 லட்சம் வரையான கடன் என்றால், வீட்டின் மதிப்பில் 80 சதவீதம் வரைதான் கிடைக்கும். ஆக 40 லட்சம் கடன், 10 லட்சம் கைப்பணம். முத்திரைத்தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம் என்று இன்னொரு நாலரை லட்சமும் கையிலிருந்துதான். புது ஃப்ளாட்டின் முதல் விற்பனைக்கு 2023 டிசம்பரில் வந்த முத்திரைத்தீர்வைக் குறைப்பு மறுவிற்பனைக்குக் கிடையாது. தரகர் சொல்லும் செலவுக் கணக்கில் இதைச் சரிபாருங்கள்.

உண்மையான ஆபத்து வட்டியில் இருக்கிறது. 40 லட்சத்துக்கு 20 ஆண்டு, 7 சதவீதம் என்றால் மாதத் தவணை 31,012 ரூபாய். 2022 மே முதல் 2023 பிப்ரவரிக்குள் ரெப்போ விகிதம், அதாவது வங்கிகளுக்கு ரிசர்வ் வங்கி கடன் தரும் வட்டி, இரண்டரை சதவீதம் ஏறியது. அப்படி ஏறி 9.5 ஆனால் தவணை 37,285. தவணையை ஏற்றாமல் பழையபடியே கட்டலாம் என்றால், முதல் மாத வட்டி மட்டுமே 31,667 ஆகிறது. கட்டும் பணம் வட்டிக்கே போதாமல் அசல் வளரத் தொடங்கும். வட்டி மாறும்போது தவணையைக் கூட்டுவதா, காலத்தை நீட்டுவதா என்று கடன்தாரரைக் கேட்க வேண்டும் என 2023 ஆகஸ்டில் ரிசர்வ் வங்கி உத்தரவிட்டது. அந்தக் கடிதம் வந்தால் கிளைக்குப் போய்த் தவணையைக் கூட்டச் சொல்லுங்கள். 15,000 வாடகை இதில் பாதிக்குக்கூட வராது. அதனால் வாடகையே வராவிட்டாலும் 37,285-ஐச் சம்பளத்திலிருந்து கட்ட முடியுமா என்று பார்த்தோம். ஆறு மாதத் தவணையைத் தனி வைப்புத்தொகையில் போட்ட பிறகே அட்வான்ஸ் பேச்சு.

அடுத்தது பத்திரம். ஃப்ளாட்டுக்கு மட்டும் வில்லங்கச் சான்றிதழ் (ஈசி) போட்டால் போதாது. மனையின் சர்வே எண்ணுக்கே போட்டு, ஒவ்வொரு ஃப்ளாட்டின் கிரயத்திலும் உள்ள யூடிஎஸ், அதாவது பிரிபடாத நிலப் பங்கைக் கூட்டிப் பாருங்கள்; மறுவிற்பனையான ஃப்ளாட்டை ஒருமுறை மட்டும் எண்ணுங்கள். கூட்டுத்தொகை மனையின் பரப்பைத் தாண்டினால் ஒரே நிலம் இரண்டு முறை விற்கப்பட்டிருக்கிறது என்று பொருள். பழைய கட்டடத்தில் நம் காசுக்கு நிற்பது அந்தப் பங்குதான். பதிவாகாத அடமானமும் நீதிமன்ற வழக்கும் ஈசியில் தெரியாமல் போகலாம். தாய்ப்பத்திரம் முதல் எல்லா அசல்களையும் கண்ணால் பார்ப்பதும் வழக்கறிஞரைக் கொண்டு வழக்குகளைத் தேடுவதும் அதற்காகத்தான். திட்ட அனுமதி வரைபடத்தை எடுத்துக்கொண்டு மாடிகளை எண்ணுங்கள். அனுமதியில் இல்லாத தளத்தில் வீடு இருந்தால் வங்கி மதிப்பீட்டாளர் அங்கேயே நிறுத்திவிடுவார்.

தமிழ்நாட்டில் கிரய ஒப்பந்தத்தைப் பதிவு செய்வது கட்டாயம். ஆவணக் குறையால் வங்கி கடன் மறுத்தால் அட்வான்ஸ் முழுதும் இத்தனை நாளில் திரும்ப வேண்டும் என்ற வரி அதில் இருக்கட்டும். விற்பவர் தயங்கினால், ஏன் என்று கேட்க வேண்டிய இடம் அது.

விற்பவருக்குப் பழைய கடன் இருந்தால் பாக்கிக் கணக்குக் கடிதமும் வங்கியில் உள்ள ஆவணப் பட்டியலும் வாங்கிவிட்டு, காசோலையை அவர் கையில் தராமல் அந்தக் கடன் கணக்கின் பெயரிலேயே கொடுங்கள். அடமான ரத்து ரசீது பதிவாகி ஈசியில் ஏறும் வரை விடாதீர்கள். விலை 50 லட்சமோ அதற்கு மேலோ என்றால் 1 சதவீத டிடிஎஸ், அதாவது வருமான வரிப் பிடித்தத்தை, விலையிலிருந்து பிடித்து விற்பவரின் பான் எண்ணில் கட்டுவது வாங்குபவரின் பொறுப்பு. விற்பவர் வெளிநாடுவாழ் இந்தியர் என்றால் பிடித்தம் இதைவிட அதிகம், நடைமுறையும் வேறு. ஆடிட்டரைப் பார்க்காமல் பணம் தராதீர்கள். சங்கத்தின் பராமரிப்பு பாக்கி, சொத்து வரி, மின் கட்டணம் மூன்றுக்கும் ரசீது பதிவுக்கு முன்பே கைக்கு வர வேண்டும்.

குடியமர்த்தும்போது வாடகை ஒப்பந்தத்தை வாடகை அதிகார அமைப்பின் தளத்தில் பதிவு செய்யுங்கள். ஒப்பந்தத்தில் வேறு உடன்பாடு இல்லாவிட்டால் மூன்று மாத வாடகைக்கு மேல் அட்வான்ஸ் வாங்கச் சட்டம் இடம் தருவதில்லை. அந்தத் தொகையைத் தொடாமல் தனியே வையுங்கள். குடியிருப்பவர் காலி செய்யும்போது திருப்பித் தர வேண்டிய பணம் அது.