எலிக்கு விளக்குப் போட்ட கதை

அரிசோனாவில் குவார்ட்ஸைட் என்று ஒரு சின்ன ஊர் இருக்கிறது. நாங்கள் வசிக்கும் ஃபீனிக்ஸிலிருந்து ஐ-10 நெடுஞ்சாலையில் மேற்கே இரண்டு மணி நேரம். இன்னும் கொஞ்சம் போனால் கொலராடோ ஆறு, அதைத் தாண்டினால் கலிஃபோர்னியா. கோடையில் ஈ, காக்கை இருக்காது. குளிர்காலம் வந்தால் மினசோட்டா, மொன்டானா, கனடா என்று பனிக்குத் தப்பி வரும் ஓய்வு பெற்றவர்களின் மோட்டார்ஹோம்கள், அதாவது வீடு போலவே தங்கும் வண்டிகள், பாலைவனம் முழுக்க முளைத்துவிடும்.

ஜனவரியில் அங்கே பொழுது சாய்ந்ததும் ஒரு நடை போனால் விசித்திரமாக இருக்கும். வண்டிகளின் ஜன்னல்கள் இருண்டு கிடக்கும். வெளிச்சம் எல்லாம் அடியில், சக்கரங்களுக்கு நடுவே. சிலது சிவப்பு, சிலது பச்சை, சிலது கண்ணைக் குத்தும் நீலம். இந்த முறை எங்களோடு வந்திருந்த என் மாமனார் அதைப் பார்த்துவிட்டு, "யார் வீட்டுல மாப்ள விசேஷம்?" என்று கேட்டார்.

விசேஷம் எலிக்கு என்றேன். அவர் நம்பவில்லை.

அந்த எலிக்கு இங்கே பேக் ராட் என்று பெயர். வீட்டு எலி மாதிரி அருவருப்பாக இருக்காது. பெரிய காது, உருண்டைக் கண், வெள்ளைக் கழுத்து. பார்க்க லட்சணமாகத்தான் இருக்கும். ஆனால் கண்ணில் பட்டதையெல்லாம் பொறுக்கிக்கொண்டு போய்க் கூடு கட்டும். சுள்ளி, காய்ந்த சாணம், பாட்டில் மூடி, முக்கியமாக சோயா (cholla) என்ற கள்ளியின் முள்துண்டுகள். அந்த முள்தான் அதற்குக் கோட்டைச் சுவர். தலைமுறை தலைமுறையாக ஒரே கூட்டில் குடியிருக்கும். சிறுநீர் காய்ந்து பிசின்போல் இறுகிப் போவதால், வறண்ட குகைகளில் உள்ள பழைய கூடுகள் 40,000 ஆண்டுகள் வரைகூட அழியாமல் கிடக்கின்றன. அவற்றைப் பிரித்து, உள்ளே இருக்கும் இலையையும் விதையையும் வைத்து அந்தக் காலத்தில் இங்கே என்ன மரம் இருந்தது என்று விஞ்ஞானிகள் கண்டுபிடிக்கிறார்கள். அப்படிப்பட்ட பரம்பரைக் குடிகளின் இடத்தில்தான் நாம் போய் வண்டியை நிறுத்துகிறோம்.

எலிக்கு இஞ்சின் அறை என்பது கூரை போட்ட, காற்று வராத, இதமான இடம். ஒரே ராத்திரியில் குடியேறிவிடும். குடியேறினால் பரவாயில்லை, பல்லைத் தீட்ட வயரைக் கடிக்கும். போன குளிர்காலத்தில் பானெட்டைத் திறந்தபோது, ஏர் ஃபில்டர் பெட்டியின் மேல் கள்ளி முள் மூன்று விரற்கடை உயரத்துக்கு அடுக்கியிருந்தது. ஒரு பியர் மூடியும், எங்கள் வாசல் மிதியடியிலிருந்து பிய்த்த பச்சை நாரும் அதில் இருந்தன. பக்கத்தில் வயர்க்கற்றை ஒன்று செம்பு தெரிய நிர்வாணமாகக் கிடந்தது. அதைச் சரிசெய்ய ஆன செலவை என் மனைவி இன்னும் மறக்கவில்லை. "வாடகைக்கு ஹோட்டல்ல தங்கியிருந்தா இதைவிடக் கம்மி" என்பது வீட்டில் நிரந்தர வசனமாகிவிட்டது.

எலி இருட்டில் நடமாடும் பிராணி. ஆந்தைக்கும் நரிக்கும் பயந்து வெளிச்சத்தைத் தவிர்க்கும். அதனால் வண்டிக்கு அடியில் விளக்கைப் போட்டால் வராது என்பது இங்கே நடைமுறை சாஸ்திரம். அதை நம்பித்தான் நாங்களும் இறங்கினோம்.

லா போசா என்ற இடத்தில் முகாம். அரசின் நில நிர்வாகத் துறையுடைய நிலம் அது. செப்டம்பர் 15 முதல் ஏப்ரல் 15 வரை நீண்டகாலத் தங்கலுக்கு விடுகிறார்கள். நாங்கள் வாங்கியது 14 நாள் அனுமதிச் சீட்டு, 40 டாலர். மின் இணைப்பு கிடையாது. குடிநீரும் கழிவு கொட்டும் இடமும் லா போசாவின் தென்பகுதியில் உண்டு. மற்றபடி சரளைத் தரையும் வானமும்தான். ஆக, விளக்கு எரிய வேண்டுமென்றால் நம் பேட்டரியில்தான் எரிய வேண்டும். பலர் கோட்டைவிடுவது இங்கேதான் என்று நினைக்கிறேன்.

கணக்கைச் சொல்லிவிடுகிறேன். எங்களிடம் இருப்பது இரண்டு 6 வோல்ட் கோல்ஃப் வண்டி பேட்டரிகள். தொடராக இணைத்தால் 12 வோல்ட், 220 ஆம்பியர்-மணி, அதாவது மணிக்கு ஒரு ஆம்பியர் எடுத்தால் 220 மணி நேரம். லெட்-ஆசிட் பேட்டரியைப் பாதிக்குக் கீழே இறக்கினால் ஆயுள் போய்விடும், எனவே கையில் நிற்பது 110. எல்.இ.டி. பட்டையில் 5050 எனப்படும் பிரகாசமான வகை மீட்டருக்கு 14.4 வாட் தின்னும். 10 மீட்டர் போட்டால் 144 வாட், அதாவது 12 ஆம்பியர். ஜனவரியில் இங்கே ராத்திரி கிட்டத்தட்ட 14 மணி நேரம். விடிவதற்கு முன்பே பேட்டரி கையை விரித்துவிடும். அதனால் மீட்டருக்கு 4.8 வாட் எடுக்கும் மெல்லிய பட்டையாகப் பார்த்து வாங்கினேன். 10 மீட்டருக்கு 48 வாட், 4 ஆம்பியர். அதுவும் முழு ராத்திரிக்கு அதிகம்தான். ஒரு டிம்மர் வைத்து மூன்றில் ஒரு பங்குக்குக் குறைத்தால் ராத்திரிக்கு இருபது ஆம்பியர்-மணிக்குள் அடங்கும். கூரையிலுள்ள சோலார் பலகை மறுநாள் அதை நிரப்பிவிடும்.

நிறம் பற்றியும் ஒரு வார்த்தை. நீலமும் பளீர் வெள்ளையும் பூச்சியை இழுக்கும். மஞ்சள் பக்கம் போகப் போகப் பூச்சி குறையும். கடையில் இருந்ததில் மஞ்சள் கூடியது 2,700 கெல்வின் வார்ம் ஒயிட். தூசியும் தண்ணீரும் தாங்கும் தரக்குறியீட்டில் ஐ.பி. 67, அதாவது முழுக்கச் சிலிகான் உறைக்குள் இருக்கும் வகை. மேலே மட்டும் பசை பூசிய ஐ.பி. 65 வகை சாலைத் தண்ணீருக்கும் சரளைக்கும் தாங்காது.

மாமா மின்வாரியத்தில் வயர்மேனாக இருந்து ஓய்வு பெற்றவர். கைலியைத் தார்ப்பாய்ச்சாகக் கட்டிக்கொண்டு அட்டைப்பெட்டி ஒன்றைப் பிரித்துத் தரையில் விரித்தார். "நீங்க சாமான் எடுத்துக் குடுங்க மாப்ள, நான் பாத்துக்கறேன்" என்று வண்டிக்கு அடியில் போகப் பார்த்தவரை நிறுத்தி, முதலில் சக்கரங்களுக்குக் கட்டை வைத்தேன். வண்டி தன் சக்கரத்தில்தான் நின்றது. லெவல் செய்கிற ஜாக்கை நம்பி எந்த வண்டிக்கும் அடியில் படுக்கக் கூடாது.

எங்களுடையது ஃபோர்டு ஈ-450 சேஸியில் கட்டிய 24 அடி வண்டி. அடியில் போய்ப் பார்த்தால் அது வேறு உலகம். சமையல் எரிவாயுக் குழாய், ஜெனரேட்டரின் புகைக்குழாய், கழிவுநீர்த் தொட்டி, அதற்குப் பக்கத்தில் கழிவறைத் தொட்டி. எங்கே ஸ்குரூ போடுகிறோம் என்று தெரியாமல் டிரில் பிடித்தால், அப்புறம் அந்தப் பயணத்தைப் பற்றி யாரிடமும் பேச முடியாது. மாமா டார்ச்சை வாயில் கடித்துக்கொண்டு ஒரு சுற்று வந்தார். வெளியே வந்து, சாக்பீஸ் இருக்கிறதா என்று கேட்டார். மேலே எதுவும் இல்லாத இரும்புச் சட்டங்களில் மட்டும் அடையாளம் போட்டோம்.

பட்டையின் முதுகிலேயே ஒட்டும் டேப் உண்டு. வண்டியின் அடியில் அதை நம்பிப் பயனில்லை. தார், தூசி, துரு தடுக்கும் பூச்சு என்று ஒன்றின்மேல் ஒன்றாக அப்பியிருக்கும். குளிரில் பசையும் பிடிக்காது, காலையில் இங்கே ஐந்து டிகிரி. அதனால் அலுமினியச் சானல் வாங்கி, ஓரத் தகட்டின் உட்பக்கம் ஸ்குரூ போட்டு முடுக்கிவிட்டு, வெயில் ஏறிய பிறகு ஸ்பிரிட்டால் துடைத்து, பட்டையை அதற்குள் ஒட்டினோம். மேலே பால்நிற மூடி. வாய் வெளியே பார்க்காமல் வண்டியின் நடுப்பக்கம் சாய்ந்திருக்கும்படி வைத்ததால், எதிரே இருக்கிறவருக்கு விளக்கு தெரியாது, தரையில் விழும் வெளிச்சம் மட்டுமே தெரியும்.

பட்டையைக் கண்ட இடத்தில் வெட்ட முடியாது. மூன்று விளக்குக்கு ஒருமுறை, 5 சென்டிமீட்டருக்கு ஒரு கோடும் செப்புப் புள்ளிகளும் இருக்கும், அங்கேதான் கத்தரி. சக்கரங்களுக்கு நடுவில் ஒரு நீளம், பின்சக்கரத்துக்குப் பின்னால் ஒரு நீளம், மிச்சத் துண்டை இஞ்சினுக்கு நேர் கீழே. எலி முதலில் போவது அங்கேதான். எல்லாத் துண்டுக்கும் தனித்தனியாக மின்சாரம் கொடுத்தோம். ஒன்றின் வாலில் இன்னொன்றைக் கோத்துக்கொண்டே போனால் கடைசித் துண்டு சோகையாக எரியும்.

இணைப்பு போடுவதில்தான் மாமாவுக்கும் எனக்கும் இழுபறி. அவருக்கு ஈயம் வைத்துப் பற்றவைப்பதுதான் வேலை. நான் கிரிம்ப் செய்யலாம், அதாவது சின்ன உலோகக் குழாய்க்குள் வயரைச் செருகி நசுக்கி இறுக்கலாம் என்றேன். ஆடும் வண்டியில் ஈயம் ஏறிய இடம் விறைத்து, அதன் ஓரத்தில் வயர் முறிந்துவிடும். அவர் ஒன்றும் சொல்லாமல் நான் போட்ட முதல் கிரிம்ப்பை வாங்கி, ஒரு முனையைக் காலில் மிதித்து, மறுமுனையைக் கையில் சுற்றி, முகம் சிவக்க இழுத்தார். வரவில்லை. "சரி, ஆகும்" என்றார். அதற்கு மேல் பசையுள்ள ஹீட் ஷ்ரிங்க் குழாயைச் சுட்டு இறுக்கியபோது ஓரத்தில் பசை பிதுங்கி வந்ததைப் பார்த்து அவருக்கு மிகவும் திருப்தி. "இது நம்ம காலத்துல இல்லாமப் போச்சே."

வயர் பேட்டரியிலிருந்து கிளம்பும் இடத்திலேயே ஒரு 5 ஆம்பியர் ஃபியூஸ். அடுத்து 12 வோல்ட் ரெகுலேட்டர். இது எதற்கு என்று பலர் கேட்கிறார்கள். "12 வோல்ட்" பேட்டரி சார்ஜ் ஆகும்போது 14.4 வரை போகும். பட்டையில் மூன்று விளக்குகள் சேர்ந்து ஒன்பது வோல்ட் சொச்சத்தை எடுத்துக்கொள்ளும், மிச்சம் ஒரு சின்ன ரெசிஸ்டர் தலையில். 12-இல் அதற்கு மூன்று வோல்ட்கூட வராது, 14.4-இல் ஐந்தைத் தாண்டும். மின்னோட்டம் கிட்டத்தட்ட இரண்டு மடங்காகிப் பட்டை கொதிக்கும். கரன்ட் உள்ள முகாம்களில் சார்ஜர் ராத்திரியெல்லாம் ஓடும், அங்கேதான் இந்தச் சாவு நடக்கும். ரெகுலேட்டருக்குப் பிறகு டிம்மர், கதவுப் படிக்கட்டுக்குப் பக்கத்தில் ஸ்விட்ச். ஓடும்போது அணைத்துவிடுவோம். வண்டிக்கு அடியில் விளக்கெரிய ஓட்டுவதற்கு மாநிலத்துக்கு மாநிலம் வெவ்வேறு சட்டம், அந்த வம்பே வேண்டாம்.

எல்லாம் 150 டாலருக்குள் முடிந்தது. நடுவில் ஒரு பெட்டி ஸ்குரூ வாங்க ஊருக்குள் போனபோது மாமாவை ஹை ஜாலியின் கல்லறைக்குக் கூட்டிக்கொண்டு போனேன். ஒட்டகங்களை ராணுவத்தில் சேர்த்துப் பார்த்தார்கள் அமெரிக்கர்கள், 1856-இல். அவற்றை மேய்க்க ஆட்டோமான் பேரரசிலிருந்து வந்தவர் ஹாஜி அலி. பெயர் இவர்கள் வாயில் ஹை ஜாலி ஆகிவிட்டது. உள்நாட்டுப் போரோடு திட்டம் கைவிடப்பட்டது. அவர் இங்கேயே தங்கி 1902-இல் காலமானார். கல்லறை மேல் கல் பிரமிடு, உச்சியில் உலோக ஒட்டகம். மாமா செருப்பைக் கழற்றிவிட்டுக் கும்பிட்டார்.

அன்று இரவே விளக்கு எரிந்தது. அடுத்த வண்டிக்காரர், மினசோட்டாவிலிருந்து வந்த பெரியவர், கையில் காபிக் கோப்பையோடு வந்தார். பாராட்ட வருகிறார் என்று நினைத்தோம். அவர் அமெச்சூர் ரேடியோக்காரர், அதாவது சொந்த ரேடியோ வைத்துப் பொழுதுபோக்காகத் தூரத்து ஆட்களோடு பேசுகிறவர். இவர்கள் ஜனவரியில் இங்கே பெருங்கூட்டமாகக் கூடுவார்கள். எங்கள் டிம்மர் அவருடைய ரேடியோவில் ஆலை இரைச்சல் போல் இரைகிறதாம். விளக்கை விநாடிக்குப் பல நூறு முறை அணைத்து ஏற்றித்தான் டிம்மர் வெளிச்சத்தைக் குறைக்கிறது, அந்தத் துடிப்பு வயர் வழியே ஆன்டெனா போலப் பரவும். அவரே தன் பெட்டியிலிருந்து இரண்டு ஃபெரைட் வளையம் கொண்டுவந்து டிம்மருக்கு இரு பக்கமும் மாட்டினார். இரைச்சல் அடங்கியது. கிளம்பும்போது, "இன்னும் கொஞ்சம் குறைக்க முடியுமா? நான் நட்சத்திரம் பார்க்கத்தான் இவ்வளவு தூரம் வருகிறேன்" என்றார். குறைத்தேன். தரை தெரிகிற அளவுக்கு இருந்தால் போதும். அதற்கு மேல் இருப்பது எலிக்காக இல்லை, மனிதர்களுக்குக் காட்ட.

சரி, எலி வந்ததா? எங்கள் வண்டிக்கு வரவில்லை. பானெட்டைத் தினமும் காலையில் திறந்து பார்த்தோம், ஒரு முள்கூட இல்லை. ஆனால் எங்களுக்கு இரண்டு வண்டி தள்ளி, எங்களைவிடப் பத்து மடங்கு பிரகாசமாக ஊதா விளக்குப் போட்டிருந்தவரின் இஞ்சினில் கூடு இருந்தது. அவர் பானெட்டை எப்போதும் மூடியே வைத்திருந்தார், வண்டியை வந்த நாளிலிருந்து நகர்த்தவும் இல்லை. நாங்கள் ராத்திரியில் பானெட்டைத் தூக்கியே வைப்போம், சில நாளுக்கு ஒருமுறை கழிவு கொட்டவாவது வண்டியைக் கிளப்புவோம். எலிக்கு வேண்டியது இருண்ட, மூடிய, அசையாத இடம். விளக்கு அதில் ஒன்றை மட்டும்தான் கெடுக்கிறது. விளக்கை மட்டும் போட்டுவிட்டு நிம்மதியாகத் தூங்கலாம் என்று யாராவது சொன்னால் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

ஊருக்குத் திரும்பும் முன் தெற்கே கோஃபா வனவிலங்குப் புகலிடத்துக்குப் போனோம். அங்கே பாம் கேன்யன் என்ற மலை இடுக்கில் விசிறிப் பனைகள் தாமாகவே வளர்ந்து நிற்கின்றன. பனையைப் பார்த்ததும் மாமாவுக்கு முகம் மலர்ந்துவிட்டது. அதற்குப் போகும் மண்பாதை அலை அலையாக மடிப்பு விழுந்தது, வண்டி பல்லைக் கிட்டித்துக்கொண்டு ஓடும். நிறுத்தியதும் அவர் செய்த முதல் காரியம் பனையைப் பார்க்கப் போனதல்ல, குனிந்து சானலை ஆட்டிப் பார்த்தது. பின்சக்கரத்துக்குப் பின்னால் ஒரு ஸ்குரூ கழன்றிருந்தது. அந்த இடத்தில் மட்டும் ரப்பர் வைத்த கிளாம்ப் போட வேண்டும், வாங்கி வைத்திருக்கிறேன்.