ஏபிஐ 570: பைப்பிங் இன்ஸ்பெக்டர் தேர்வுக்கு எதைப் படிப்பது?

அமெரிக்கன் பெட்ரோலியம் இன்ஸ்டிடியூட் (ஏபிஐ) நடத்தும் பைப்பிங் இன்ஸ்பெக்டர் தேர்வான ஏபிஐ 570 எழுதப் போகிறவர்களில் பலர் கணக்கை நினைத்துத்தான் பயப்படுகிறார்கள். உண்மையில் கணக்கு எளிது. இப்போதுள்ள தடிமனில் குறைந்தபட்சத் தடிமனைக் கழித்து அரிமான வேகத்தால், அதாவது பைப் வருடத்துக்கு மெலியும் அளவால், வகுத்தால் மீதி ஆயுள் வந்துவிடும். 7.1 மி.மீ. பைப் 10 வருடத்தில் 5.1 ஆகியிருக்கிறது, 3.1 வரை தாங்கும் என்றால் மீதி ஆயுள் 10 வருடம். சரி, அடுத்த தடிமன் அளவீடு எப்போது? கசிந்தால் வரும் ஆபத்தை வைத்துப் பைப் லைன்களை கிளாஸ்களாகப் பிரித்திருப்பார்கள்; அதில் கிளாஸ் 2 லைனுக்கு அட்டவணையில் 10 வருடம் என்றிருக்கும். மீதி ஆயுளில் பாதியோ 5. எது குறைவோ அதுதான் விடை. அவசரத்தில் 10-ஐ டிக் செய்பவர்களுக்காகவே அந்த விடையையும் வைத்திருப்பார்கள்.

நான் அதிக நேரம் கொடுக்கச் சொல்வது, உலோகம் எப்படியெல்லாம் சேதமாகும் என்று சொல்லும் ஏபிஐ 571-க்கு. ஒவ்வொரு சேத வகையையும் படிக்கும்போது எந்த உலோகம், எந்த வெப்பநிலை, பைப்பில் எந்த இடம் என்ற மூன்றையும் சேர்த்தே மனதில் ஏற்றுங்கள். சல்ஃபிடேஷனுக்கு (சூடான எண்ணெயிலுள்ள கந்தகம் உலோகத்தை அரிப்பது) 2012 ஆகஸ்டில் கலிஃபோர்னியாவின் ரிச்மண்ட் செவ்ரான் சுத்திகரிப்பு ஆலையில் நடந்த தீவிபத்தைப் படித்தால் போதும், மறக்கவே மறக்காது. அங்கே உடைந்தது 8 அங்குல கார்பன் ஸ்டீல் லைன். அதில் சிலிக்கான் குறைந்த ஒரு துண்டு மட்டும் மற்றவற்றைவிட வேகமாக மெலிந்துபோனது. அதே லைனில் சிலிக்கான் கூடுதலாக இருந்த பாகங்களில் எடுத்த தடிமன் அளவுகள் இதைக் காட்டிக்கொடுக்கவில்லை. ரீடிங் சரியாக இருந்தாலும் எடுத்த இடம் தப்பாக இருக்கலாம். தேர்வு என்றில்லை, ஆலையை நிறுத்திப் பராமரிக்கும் ஷட்டவுன் வேலையிலும் எனக்கு மிகவும் பயன்பட்ட பாடம் இதுதான்.

இன்சுலேஷனுக்கு அடியில் வரும் அரிமானம், பைப்புக்குள் ரசாயனம் போன்றவற்றைச் செலுத்தும் இடமான இன்ஜெக்‌ஷன் பாயிண்ட், டெட் லெக் (ஓட்டம் இல்லாமல் நிற்கும் பைப் பகுதி) மூன்றிலிருந்தும் கேள்வி வரும் என்றே வைத்துக்கொள்ளுங்கள். இன்ஜெக்‌ஷன் பாயிண்டில் ஓட்டம் வரும் பக்கமாக (அப்ஸ்ட்ரீம்) ஆய்வு செய்ய வேண்டிய தூரம் குறைந்தது 300 மி.மீ. அல்லது பைப் விட்டத்தின் மூன்று மடங்கு, எது அதிகமோ அது. இங்கே 'அதிகம்', தடிமன் அளவீட்டின் கால இடைவெளிக் கணக்கில் 'குறைவு'; இரண்டையும் குழப்பிக்கொள்ளாதீர்கள்.

புத்தகம் பார்த்து எழுதும் பகுதியில் நம் புத்தகத்தைக் கொண்டுபோக முடியாது. கணினித் திரையில்தான் பிடிஎஃப் இருக்கும். அதனால் காகிதத்தில் மட்டும் படித்துப் பழகாமல், பைப்பிங் வடிவமைப்பு விதிநூலான பி31.3-இன் அனுமதி தகைவு (அலவபிள் ஸ்ட்ரெஸ்) அட்டவணையைத் திரையில் தேடி எடுக்கப் பழகுங்கள். அப்புறம், எந்தப் பதிப்பிலிருந்து கேட்கிறார்கள் என்ற பட்டியலை ஏபிஐ தளத்தில் பார்த்துவிட்டுப் படிக்க உட்காருங்கள். நண்பர் கொடுத்த பழைய நோட்ஸ் அதற்கு அப்புறம்தான்.