உறையைத் தூக்கி எறிந்திருந்தால்

அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில் ஒரு மாட்டுத் தீவன ஆலையின் கணக்குகளைக் கவனித்துவரும் எனக்கு, ஏற்கெனவே பணம் கொடுத்து முடித்த 8,000 புஷெல் (அமெரிக்கத் தானிய அளவை) மக்காச்சோளத்துக்கு இரண்டாம் முறையும் பணம் கேட்டு 2024 ஜனவரியில் ஒரு வங்கியிடமிருந்து கடிதம் வந்தது. முந்தைய நவம்பர் 9 அன்று விவசாயியின் பெயருக்கு மட்டும் காசோலை எழுதியிருந்தேன். அந்த விளைச்சல் தங்களிடம் ஈடாக இருப்பதாகவும், தங்கள் பெயரையும் சேர்த்தே காசோலை எழுதும்படி எங்களுக்கு முன்பே அறிவிப்பு அனுப்பியிருப்பதாகவும் வங்கி சொன்னது.

கோப்பில் அந்த அறிவிப்பு இருந்தது. விவசாயியின் பெயர், பயிர், கவுண்டி (மாவட்டம் போன்ற பகுதி), காசோலை பற்றிய நிபந்தனை எல்லாம் அதில் இருந்தன. கடிதத்தில் தேதி மட்டும் இல்லை. அன்றிரவு நான் தூங்கவில்லை.

அறுபது மைல் ஓட்டிக்கொண்டு வங்கிக்குப் போனேன். கடன் அதிகாரி செவ்வாய்க்கிழமைதான் வருவார் என்று சொன்ன ஊழியர், நான் கொண்டுபோன நகலை வாங்கி வைக்கக்கூட மறுத்துவிட்டார். செவ்வாயன்று சந்தித்த அதிகாரியோ, வங்கி அரசிடம் செய்துவைத்த ஈட்டுப் பதிவு ஐந்தாண்டுக்குச் செல்லும், ஆகவே அறிவிப்பும் செல்லும் என்றார். இந்த இடத்தில்தான் பலர் பயந்து பணத்தைக் கட்டிவிடுகிறார்கள் என்று நினைக்கிறேன். பதிவு வேறு, அறிவிப்பு வேறு. 1985ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்புச் சட்டம், 1324ஆம் பிரிவின்படி, விற்பனைக்கு முந்தைய ஓராண்டுக்குள் எழுத்துமூல அறிவிப்பு நம் கைக்கு வந்து, அதிலுள்ள நிபந்தனையை நாம் நிறைவேற்றாமல் விட்டிருந்தால்தான் வங்கியின் உரிமை நம்மைத் தொடரும். நெப்ராஸ்காவைப் போல மாநில அரசே மையப் பதிவேடு வைத்திருக்கும் இடங்களில் வேறு முறை. அயோவாவில் நேரடி அறிவிப்புதான்.

கோப்பின் அடியில் அந்தக் கடிதம் வந்த உறை கிடைத்தது. அஞ்சல் முத்திரையில் 2022 அக்டோபர் 12 என்றிருந்தது; ஓரத்தில் எனக்கு முன் இருந்தவர் பேனாவால், "14 அன்று வந்தது" என்று குறித்திருந்தார். விற்பனை நடந்தபோது ஓராண்டு கடந்திருந்தது. உறையின் நகலுடன் வழக்கறிஞர் ஒரு பக்கக் கடிதம் அனுப்பியதும், மூன்று வாரத்தில் வங்கி தன் கோரிக்கையை எழுத்து மூலமாகவே திரும்பப் பெற்றது.

இப்போது எங்களுக்கு வரும் ஒவ்வோர் அறிவிப்பிலும் அன்றைக்கே வரவு முத்திரை குத்தி, உறையையும் சேர்த்துத் தைத்து வைக்கிறேன்; காசோலை எழுதும்முன் விவசாயியின் பெயரை அந்தக் கோப்போடு ஒப்பிட்டுப் பார்க்கிறேன். ஓராண்டுக்கு ஒரு நாள் குறைவாக இருந்திருந்தாலும், எங்கள் ஆலை அந்த மக்காச்சோளத்துக்கு மறுபடி பணம் கட்டியிருக்கும்.