ஸ்டாலில் பேனா கொடுப்பதை விடுங்கள்

2006-ல் விடுதியில் இருந்தபோது தபாலில் எனக்கு ஒரு பார்சல் வந்தது. உள்ளே, விண்டோஸுக்குப் பதிலாகக் கணினியை இயக்கும் உபுண்டு 6.06 என்ற இலவச லினக்ஸ் மென்பொருளின் சிடிகள். உபுண்டுவை உருவாக்கும் கனோனிக்கல் நிறுவனம் ஷிப்இட் என்ற பெயரில், கேட்டவர்களுக்கெல்லாம் தபால் செலவுகூட வாங்காமல் அனுப்பியவை. சிடியைப் போட்டு கணினியை மறுபடி ஆன் செய்தால் போதும், ஹார்ட் டிஸ்கைத் தொடாமலே முழு உபுண்டுவும் ஓடும், அதனால் விண்டோஸ் அழிந்துவிடுமோ என்ற பயமே இல்லாமல் பக்கத்து அறைக்காரனும் வாங்கிப் போட்டுப் பார்த்தான், அப்புறம் அவனிடமிருந்து மாடிக்குப் போனது. 2011 வரை இப்படி அனுப்பினார்கள். நான் இன்றுவரை லினக்ஸில் வேலை செய்வதற்கு அந்த சிடிதான் காரணம்.

இதை ஏன் சொல்கிறேன் என்றால், கடைக்காரர்கள் தங்கள் வாடிக்கையாளர்களுக்கு மெசேஜ் அனுப்பும் மென்பொருளை விற்பதுதான் இப்போது என் வேலை. முன்பு இருந்த கம்பெனியில் ஒவ்வொரு கண்காட்சிக்கும் பேனா, கீ செயின், டைரி என்று பெட்டி பெட்டியாக ஏற்றிக்கொண்டு போவோம். வருபவர் விசிட்டிங் கார்டைப் போட்டுவிட்டு பேனாவை எடுத்துக்கொண்டு நகர்ந்துவிடுவார். மறுநாள் போன் செய்தால் எந்தக் கம்பெனி என்றே அவருக்கு நினைவிருக்காது. அவர்மேல் தப்பில்லை, பேனாவுக்கும் மென்பொருளுக்கும் என்ன சம்பந்தம்?

கொடுக்கிற பொருளிலேயே சரக்கின் ருசி தெரிய வேண்டும். கூகுள் 2014-ல் கார்ட்போர்டு என்ற அட்டைப்பெட்டிக் கண்ணாடியைக் கொண்டுவந்தது. மறுவருடம் நியூயார்க் டைம்ஸ் அதைப் பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட சந்தாதாரர்களுக்கு நாளிதழோடு சேர்த்து அனுப்பியது. மடித்து, போனைச் செருகி, கண்ணில் வைத்தால், நாமே அந்த இடத்தில் நிற்பதுபோலத் தெரியும் மெய்நிகர் காட்சி. வெறும் அட்டையும் இரண்டு லென்ஸும்தான், ஆனால் அது என்ன என்று யாரும் விளக்க வேண்டியதில்லை.

போன வருடம் ஒரு சின்ன வணிகக் கண்காட்சியில் இதையே செய்து பார்த்தோம். வருபவரிடம் கடைப் பெயரையும், போனில் இருக்கும் சரக்குப் படம் ஒன்றையும் வாங்கி, ஐந்து நிமிடத்தில் அவர் கடைக்கே தீபாவளி வாழ்த்து ஒன்று தயாரித்து, அதை அவர் நம்பருக்கே அனுப்பிவிடுவோம். கூடவே ஒரு மாதத்துக்கு இலவசமாக அனுப்பிக்கொள்ள ஒரு க்யூஆர் அட்டை. அவ்வளவுதான். அச்சடித்த செலவு டைரி செலவில் கால்வாசிகூட வரவில்லை.

ஈரோட்டுக்காரர் ஒருவர், போர்வை, துண்டு மொத்த வியாபாரம். முதலில் நின்றபடியேதான் பேசினார். மெசேஜ் வந்ததும் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு போனைக் கிட்டே வைத்துப் பார்த்தார். அவர் கடைப் பெயர், அவர் குடோனில் எடுத்த அதே சிவப்புக் கட்டம் போட்ட போர்வை. நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து கேட்டார்: “தம்பி, இத இப்பவே நம்ம பார்ட்டிங்க நாப்பது பேருக்கும் அனுப்பிரலாமா?”