மகளுக்குக் கண்கட்டி

ஜூன் 4

நேற்றிரவே "கண் உறுத்துகிறது அம்மா" என்று சொல்லிக்கொண்டிருந்தாள். காலையில் இடது மேலிமையின் ஓரம் சிவந்து தடித்திருந்தது. ஜன்னலருகே நிறுத்திப் பார்த்தேன். ஒரு இமைமுடியின் வேரைச் சுற்றிக் கடுகளவு வீக்கம். விரல் பட்டதும் துடித்துப்போனாள். வெண்விழியில் சிவப்பு இல்லை, பார்வை மங்கவில்லை, காய்ச்சலும் இல்லை. கண்கட்டிதான். இமைமுடியின் அடியில் இருக்கும் எண்ணெய்ச் சுரப்பி அடைபட்டு, அதற்குள் பாக்டீரியா பெருகிச் சீழ் வைக்கிறது. பெரும்பாலும் ஸ்டெஃபிலோகாக்கஸ் என்கிற கிருமி. நம் தோலிலும் மூக்கிலும் எப்போதும் இருப்பதுதான் அது.

ஜூன் 5

வெந்நீர் ஒத்தடம்தான் இதற்கு முதல் மருத்துவம். ஆனால் துணியை நனைத்து ஒரு நிமிடம் வைத்து எடுப்பதில் பயன் குறைவு. ஈரத்துணி மிக விரைவில் ஆறிவிடுகிறது. சுரப்பியை அடைத்திருக்கும் கெட்டியான எண்ணெய் இளக வேண்டுமானால் சூடு விடாமல் பத்து நிமிடமாவது நிற்க வேண்டும். அதனால் இரண்டு சுத்தமான துணிகளை வைத்துக்கொண்டேன். ஒன்று மூடிய இமைமேல் இருக்கும்போது மற்றொன்று வெந்நீரில். இமைத்தோல் மிக மெல்லியது என்பதால் ஒவ்வொரு முறையும் என் மணிக்கட்டின் உட்புறத்தில் வைத்துப் பார்த்த பிறகே அவள் கண்ணுக்குப் போகிறது. இதமாக இருக்க வேண்டும், சுடக்கூடாது. மைக்ரோவேவில் துணியைச் சுடவைக்க வேண்டாம். ஓரிடம் வெதுவெதுப்பாகவும் இன்னோரிடம் கொதிப்பாகவும் இருக்கும்.

நாளுக்கு மூன்று நான்கு முறை இப்படிச் செய்ய வேண்டும். இருவரும் முன்னும் பின்னும் சோப்புப் போட்டுக் கை கழுவுகிறோம். அவளுக்குத் தனித் துண்டு, தனித் தலையணை உறை. கான்டாக்ட் லென்ஸைக் கழற்றிவைத்துக் கண்ணாடிக்கு மாறச் சொல்லிவிட்டேன். திறந்து வைத்திருந்த மஸ்காராவைக் குப்பையில் போட்டது அவளுக்கு வருத்தம்தான். ஆனால் அந்தத் தூரிகை இமையோரத்தைத் தொட்டுத் தொட்டுத் திரும்ப அதே குப்பிக்குள் போகிறதே, அதை எப்படி வைத்துக்கொள்வது?

ஜூன் 6

வலி கூடியிருக்கிறது. இரவு பாராசிட்டமால் கொடுத்த பிறகே தூங்கினாள்.

ஜூன் 7

கட்டியின் நுனியில் மஞ்சளாக ஒரு புள்ளி தெரிகிறது. கண்ணாடி முன் நின்று இரண்டு விரலையும் கொண்டுபோனாள். கையைப் பிடித்து நிறுத்தினேன். அழுத்தினால் சீழ் வெளியே வருவதற்குப் பதிலாக இமைத் திசுவுக்குள் பரவக்கூடும். அப்படிப் பரவினால் ஒத்தடத்தால் ஆகாது, மருத்துவரிடம் போயாக வேண்டும். ஊசியால் குத்துவதும் அவ்வளவே ஆபத்து.

அக்கா தொலைபேசியில், முன்பு யாருக்கோ வாங்கிய சொட்டு மருந்து மிச்சமிருப்பதாகச் சொன்னாள். அன்பாகத்தான் சொன்னாள். ஆனால் அதில் ஸ்டீராய்டு இருந்தால் தொற்றை வளரவிடும். கண் அழுத்தத்தையும் கூட்டலாம். திறந்து வெகு நாளான குப்பியிலேயே கிருமி இருக்கலாம். "வேண்டாம் அக்கா, மருத்துவர் எழுதித் தந்தால் மட்டும் போடுகிறேன்" என்றேன்.

படுக்குமுன் ஒரு தாளில் எழுதிக் குளிர்பதனப் பெட்டிமேல் ஒட்டினேன்: வீக்கம் இமை முழுக்கவோ கன்னத்துக்கோ பரவினால், காய்ச்சல் வந்தால், பார்வை மங்கினால், கண்ணை அசைக்கும்போது வலித்தால், விழி பிதுங்கித் தெரிந்தால் காத்திருக்கக்கூடாது, அன்றே மருத்துவமனை. வீட்டில் யார் இருந்தாலும் தெரிந்திருக்கட்டும்.

ஜூன் 9

மாலை ஒத்தடத்தின்போது தானாகவே உடைந்தது. துணியில் மஞ்சள் கறை. ஈரப் பஞ்சால் மெல்லத் துடைத்தேன். சில நிமிடங்களில் வலி பாதியாகிவிட்டது என்றாள். எனக்கு அப்போதுதான் மூச்சு வந்தது. ஒத்தடம் தொடர்கிறது.

ஜூன் 13

சிவப்பு முழுதும் அடங்கிவிட்டது. இமையைத் தடவினால் வலியில்லாத சிறு முடிச்சு ஒன்று தட்டுப்படுகிறது. இதைக் கண்கட்டி என்று சொல்வதில்லை. அடைபட்ட சுரப்பியில் தேங்கிய எண்ணெயால் வருகிற கலேசியன். கரைய வாரக்கணக்கில் ஆகலாம். சூட்டு ஒத்தடமும் அதன்பின் முடியை நோக்கிய மென்மையான நீவலும் உதவும். ஒரு மாதம் கடந்தும் அப்படியே இருந்தால் கண் மருத்துவரிடம் காட்டுவதாக முடிவு.

இரவில் முகம் கழுவும்போது இமையோரத்தையும் வெதுவெதுப்பான நீரில் துடைக்கப் பழக்குகிறேன். இமையோரத்தில் செதில் படியும் அழற்சி இருப்பவர்களுக்குக் கண்கட்டி திரும்பத் திரும்ப வரும். இவளுக்கும் முடியடியில் கொஞ்சம் செதில் தெரிகிறது. லென்ஸ் இன்னும் பெட்டியில்தான். அடுத்த வாரம் புதிய ஜோடியோடு தொடங்கலாம் என்று சொல்லியிருக்கிறேன்.